என் இசையைப் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும்போது நான் வாயைத் திறக்கலாமா?

டிக்கோயா_குளிர் எழுதியது:

வணக்கம். இங்கே பாடசாலை பாண்ட் பழக்குகிற ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது இருப்பது கொழும்புக்குப் பக்கத்தில், வத்தளையில். கல்யாண வீடுகளுக்குக் கீபோர்ட் வாசிப்பது, தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. நான் படித்த பாடசாலையில் பாண்ட் பொறுப்பாக இருக்கிற மிஸ் ஒருநாள் போன் எடுத்து, "ஒவ்வொரு விளையாட்டுப் போட்டிக்கும் அதே மார்ச்சைத்தான் வாசிக்கிறோம், நம்ம பிள்ளைகளுக்கென்று ஒன்று எழுதித் தாங்களேன்" என்றார். மறுக்க மனம் வரவில்லை. இரவில் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து உட்கார்ந்து, மூன்று மாதத்தில் நாலரை நிமிட ஆக்கம் ஒன்றை முடித்து அனுப்பினேன். கணினியில் போட்டுக் கேட்டால் அருமையாக இருந்தது. கணினிக்கு மூச்சு வாங்காது, உதடு வலிக்காது, குளிராது. அதெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

போன சனிக்கிழமை முதல் ஒத்திகை. வெள்ளி இரவே போய் சித்தி வீட்டில் தங்கி, காலை எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வருகிறது, பிள்ளைகள் ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐந்து ட்ரம்பெட், இரண்டு ட்ரம்போன், மூன்று கிளாரினெட், ஓர் ஆல்டோ சாக்ஸபோன், ஆறு மெலோடிக்கா (குழாயால் ஊதி வாசிக்கிற சின்னக் கீபோர்ட்), ஒரு பெல் லைரா (குச்சியால் தட்டுகிற உலோகக் கட்டைகள்), மற்றது ட்ரம்காரர்கள். எல்லாமாக 23 பேர். நான் பின்னால் அடுக்கி வைத்திருந்த மேசைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிஸ் நாலு எண்ணிக் கையைக் காட்டினார்.

பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துக் கோயில்கள் இரண்டும் ஒரே நேரத்தில் லவுட்ஸ்பீக்கர் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மெலோடிக்கா ஒரு பக்கம் போகிறது, ட்ரம்பெட் வேறு பக்கம் போகிறது. இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை என்னால் இருக்க முடியவில்லை. எழுந்து போய் ட்ரம்பெட் பிள்ளைகளிடம், "பக்கத்தில் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்க, நோட்டைப் பார்த்து ஒழுங்காக வாசிங்க" என்று கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்தாம் தரப் பிள்ளை ஒன்று மட்டும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தது.

"சேர், வழக்கமா மெலோடிக்காவுக்கு ஒரு நோட்டும் எங்களுக்கு ஒரு நோட்டும் இருக்கும்ங்க. இதுல ரெண்டு பேருக்கும் ஒரே நோட்டா இருக்குங்க சேர்."

தாளை வாங்கிப் பார்த்தேன். மண்டபம் சுற்றியது. நோட்ஸ் எழுதுகிற மென்பொருளான மியூஸ்கோரில், எல்லா வாத்தியத்துக்கும் காதுக்குக் கேட்கிற ஸ்வரத்தையே காட்டுகிற 'கான்சர்ட் பிட்ச்' பட்டனை அழுத்தி வைத்தபடியே எல்லாப் பகுதிகளையும் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பி பிளாட் ட்ரம்பெட்டில் ஸி என்று எழுதியிருப்பதை வாசித்தால் காதுக்குக் கேட்பது பி பிளாட். அதனால் ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் எப்போதும் ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும், ஆல்டோ சாக்ஸுக்கு இன்னும் மேலே. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. அந்தப் பிள்ளைகள் நான் எழுதியதை ஒரு பிசகும் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள், நான் போய் ஏசியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். மிஸ் சிரித்துவிட்டு, "பென்சிலை எடுங்க. எல்லா நோட்டையும் ஓர் எழுத்து மேலே ஏத்துங்க, பிளாட்டை எல்லாம் மறந்துடுங்க" என்றார். ஆக்கம் பி பிளாட் மேஜரில் இருந்ததால் அது சரியாகப் பொருந்தியது. இருபது நிமிடத்தில் எட்டுப் பிள்ளைகளும் தங்கள் தாளைத் தாங்களே திருத்திவிட்டார்கள். சாக்ஸபோன் பையனுக்கு மிஸ் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

சரி, இனித்தான் கேள்விகள்.

ஒன்று, அதற்குப் பிறகும் ட்ரம்பெட், ட்ரம்போன் எல்லாம் மெலோடிக்காவை விட இம்மியளவு கீழேயே நின்றன. பல் கூசுகிற மாதிரி. ஆனால் பத்தரை மணி போல யாரும் ஒன்றும் செய்யாமலே அது ஓரளவுக்குச் சரியாகிவிட்டது. ஏன்?

இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. நடுவில் 16 பார் (தாளக் கட்டம்) ட்ரம் மட்டும் வருகிறது. சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்கு அடிக்கிற தப்படி, அதாவது தப்பு என்கிற தோல் பறையின் அடி, மனதில் நின்றதை ஆறு-எட்டுத் தாளத்தில் எழுதி சைட் ட்ரம்முக்குக் கொடுத்திருந்தேன். ஒன்பதாம் தரப் பையன் ஒருவன் அதை வேறு மாதிரி அடிக்கிறான். ஓர் அடி மயிரிழை பிந்தி விழுகிறது, அதற்கு முன்னால் எழுதாத ஒரு சின்ன அடி சேர்கிறது. "எழுதினபடி அடி தம்பி" என்றேன். உடனே எழுதினபடியே அடித்தான், ஒரு குறை சொல்ல முடியாது. உப்புப் போடாத கஞ்சி மாதிரி இருந்தது. அப்புறம் தேத்தண்ணி நேரத்தில் வெளியே நிற்கிறேன், உள்ளே அவன் மேசையில் பேனாவால் தன் பாட்டில் அந்தப் பழைய மாதிரியே அடிக்கிறான், மற்றப் பிள்ளைகள் கைதட்டிச் சேர்ந்துகொள்கிறார்கள். நான் உள்ளே போனதும் நின்றுவிட்டது. கேட்டால், "இல்லங்க சேர், அப்பா அடிக்கிறதுங்க" என்கிறான்.

இதை நான் மாற்றி எழுதுவதா, அவனை மாற்றுவதா? மாற்றினால் அது என் ஆக்கம்தானா?

மூன்றாவது, ஒத்திகையில் எழுதியவன் உட்காரலாமா என்பதே. போகும்போது மிஸ் நாசூக்காகச் சொன்னார், "சேர் பின்னால இருந்தா பிள்ளைகளுக்குக் கை நடுங்குதுங்க." அடுத்த ஒத்திகை இரண்டு வாரத்தில்.

பொகவந்தலாவை_மாஸ்டர் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். இதில் நான் 20 வருடம் குளிரில் நின்று படித்த பாடம் இருக்கிறது.

காரணம் குளிர். ஊதுகிற வாத்தியத்தின் சுருதியைத் தீர்மானிப்பது குழலின் நீளமும் அதற்குள் ஒலி ஓடுகிற வேகமும். 20 பாகை செல்சியஸில் ஒலி செக்கனுக்கு 343 மீற்றர் ஓடும், ஒரு பாகை குறைய அதில் 0.6 மீற்றர் அளவு குறையும். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். கணக்குப்படி 10 பாகை இறங்கினால் ஏறக்குறைய 30 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாய்க்காற்று சூடாக இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது, ஆனாலும் காது கண்டுபிடிக்கும். கொழும்பில் உங்களுக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. மெலோடிக்காவுக்கும் பெல் லைராவுக்கும் உள்ளே இருப்பது உலோக நாக்கும் உலோகக் கட்டையும், அவை குளிருக்கு அசையவே மாட்டா என்று வைத்துக்கொள்ளலாம். ஆக ஒரு கூட்டம் கீழே இறங்குகிறது, இன்னொரு கூட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பத்தரைக்கு வெயில் வந்தது, பிள்ளைகளும் ஊதி ஊதிக் குழலைச் சூடாக்கிவிட்டார்கள், சரியாகிவிட்டது.

பெரிய பிழை எதுவென்றால், வந்தவுடனே சுருதி சேர்ப்பது. குளிரில் கீழே நிற்கிறதே என்று குழல் நீளத்தை மாற்றுகிற ட்யூனிங் ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளுவார்கள், ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் மேலே ஏறி நிற்கும், அப்புறம் மறுபடி இழுக்க வேண்டும். நான் செய்வது: முதல் பத்து நிமிடம் உதட்டை அதிர விடாமல் வெறும் மூச்சை மட்டும் குழலுக்குள் மெதுவாக விடச் சொல்வேன், பிறகு நீண்ட ஸ்வரம் கொஞ்சம். அதன்பிறகே சுருதி. சுருதியை எடுப்பது மெலோடிக்காவிடமிருந்து, ஏனென்றால் அதைத் திருப்ப முடியாது, மற்றவைதான் அதனிடம் வர வேண்டும். இடையில் ஓய்வு விட்டால் வாத்தியத்தைச் சீமெந்துத் தரையில் வைக்க விடாதீர்கள், மடியில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ட்ரம்பெட் பகுதியைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள் பார்க்கலாம். கீபோர்ட்காரர் எழுதினால் மூச்சு விட இடமே இருக்காது என்பது என் அனுபவம். இரண்டு வருடம் பழகிய பிள்ளைக்கு ஐந்து கோட்டுக்கு மேலே உயர்ந்த ஸ்வரமாகவே தொடர்ந்து நாலு பார் இருந்தால் உதடு செத்துவிடும், அதற்குப் பிறகு வருகிற சுலபமான இடத்தைக்கூடத் தவற விடும். நீங்கள் அந்த இடத்தில்தான் பிழை என்று நினைப்பீர்கள், பிழை எட்டுப் பார் முன்னாலேயே நடந்திருக்கும்.

நானுஓயா_நடைமேடை எழுதியது:

கான்சர்ட் பிட்ச் பட்டன் 😂 அண்ணே, நானும் ஒருக்கா அதையே செய்து, வலய மட்டப் போட்டிக்கு முதல் நாள் இரவு கண்டுபிடித்தேன். உங்களுக்காவது முதல் ஒத்திகையில் ஒரு பிள்ளை எழுந்து சொன்னது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

பெட்டிக்கடை_பிதோவன் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உட்காருங்கள், ஆனால் எதற்காக உட்காருகிறீர்கள் என்று தெரிந்து உட்காருங்கள். பிள்ளைகளின் பிழையைப் பிடிக்க மிஸ் இருக்கிறார். உங்கள் பிழையைப் பிடிக்கத்தான் நீங்கள்.

குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1905 முதல் 1934இல் இறக்கும்வரை லண்டனில் ஒரு பெண்கள் பாடசாலையில் இசை பழக்கியவர். உலகமெல்லாம் பெயர் போன பிறகும் அந்த வேலையை விடவில்லை. ட்ரம்போன் வாசித்துச் சம்பாதித்த ஆளும்கூட. 1909இல் இராணுவ பாண்டுக்கு அவர் எழுதிய 'முதல் சூட்' என்ற பல பகுதி ஆக்கத்தின் ஸ்கோரை (எல்லா வாத்தியமும் சேர்ந்த தாளை) பார்த்தால், பல வாத்தியங்களை 'இருந்தால் வாசிக்கலாம்' என்ற கணக்கில் குறித்திருப்பார். எந்தக் குழுவில் எது இருக்கும், எது இருக்காது என்று சொல்ல முடியாத காலம். நம் தோட்டப் பாடசாலைகளில் இன்றும் அதே காலம்தான். கொழுந்து கூடின கிழமையில் அம்மா அப்பா நேரம் பிந்தி வருவார்கள், தங்கச்சியைப் பார்க்க அந்த ட்ரம்போன் பையன் வீட்டில் நிற்பான், உங்கள் ஆக்கத்தின் அடித்தளமே அன்றைக்கு இருக்காது. அதனால் ட்ரம்போன் பகுதியின் முக்கியமான இடங்களை வேறொருவர் தாளில் சின்ன நோட்டாக எழுதி வையுங்கள், ஆள் வராத அன்று அவர் வாசிக்கட்டும். இதையெல்லாம் ஒத்திகையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கையில் ஸ்கோரும் பென்சிலும் இருக்கட்டும். ஏதும் தோன்றினால் எழுதுங்கள், ஓய்வில் மிஸ்ஸிடம் மட்டும் கொடுங்கள். இரண்டு பேர் சொன்னால் பிள்ளைகள் ஒருவரையும் கேட்க மாட்டார்கள்.

கண்டி_சுருதிப்பெட்டி எழுதியது:

இரண்டாவது கேள்வியில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன். எழுதினபடி வாசிக்கப் பழகுவதற்குத்தான் பாண்ட். ஒரு பையன் தன் இஷ்டத்துக்கு ஓர் அடியைப் பிந்தி அடித்தால், நாளைக்கு ட்ரம்பெட்காரியும் தன் இஷ்டத்துக்கு ஒரு ஸ்வரம் சேர்ப்பாள். நடுவர் முன்னால் ஸ்கோரை வைத்துக்கொண்டுதான் புள்ளி போடுவார். நீங்கள் எழுதியது உங்களுடையது, அதில் நில்லுங்கள்.

மஸ்கெலியா_மாசிப்பனி எழுதியது:

கண்டிக்காரர் சொல்வது ட்ரம்பெட்டுக்குச் சரி. இது தப்பு, தோல் பறை.

என் தாத்தா தப்படித்தவர். அவர் காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடுவதற்கு, ஆளெழுப்பியதும் தப்புதான், மாசியில் காமனைக் கொண்டு போனதும் தப்புதான், செத்த வீட்டுக்கும் அதேதான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு, தோட்டத்துக்குத் தோட்டமும் வேறு. எழுதியவர் ஞாபகத்தில் இருப்பது அவர் தோட்டத்து அடி, பையன் கையில் இருப்பது அவன் அப்பா தோட்டத்து அடி. இரண்டில் எது சரி என்று கேட்கவே இடமில்லை. ஆனால் ஒன்று தினமும் அடிக்கிற கை, மற்றது முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பொடியன் கேட்ட காது.

அந்தச் சின்ன அடி எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். தப்புக்கு இரண்டு குச்சியும் ஒரே மாதிரி இல்லை. ஒரு கையில் கட்டையான குச்சி, மற்றக் கையில் மெல்லிய நீளக் குச்சி. கட்டைக் குச்சி நடுவில் விழுந்து 'திம்' என்கிறது, மெல்லியது ஓரத்தில் சுண்டுகிறது. பிந்தி விழுவதாக நீங்கள் சொல்கிற அடிக்கு முன்னால் சேர்கிறதே, அது அந்தச் சுண்டல்தான் என்று நினைக்கிறேன். சைட் ட்ரம்மில் இரண்டு குச்சியும் ஒன்றுபோல, அதோடு கீழே கம்பி சளசளவென்று எல்லா அடியையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்த 16 பாருக்கு மட்டும் கம்பியைத் தளர்த்திவிட்டு, பையனின் இடது கையில் ஈர்க்குக் குச்சி மாதிரி மெல்லியதாக ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

அதைவிட, தப்பையே கொண்டு வரச் சொன்னால் என்ன? இதை யாரும் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு. அந்தப் பையன் 'இல்லங்க சேர்' என்று ஏன் ஆரம்பித்தான் தெரியுமா? அப்பா தப்படிப்பவர் என்று பாடசாலையில் சொல்ல நாங்களும் கூச்சப்பட்டிருக்கிறோம். சாவுக்கு அடிக்கிறவன் பிள்ளை என்று ஒரு பேச்சு வரும், அதற்குள் என்ன சாதி என்கிற பேச்சும் வரும். சைட் ட்ரம்மில் அதே அடி வந்தால் கைதட்டுவார்கள், தோலில் வந்தால் முகத்தைத் திருப்புவார்கள். 2023இல் மலையகம் 200 என்று மேடைக்கு மேடை தப்பு அடித்தோம், பாடசாலை பாண்ட் அறைக்குள் மட்டும் அது இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்று, எல்லார் முன்னாலும் அவனிடம் கேட்காதீர்கள். தனியாகக் கேளுங்கள், முடிந்தால் அப்பாவிடமே போய்க் கேளுங்கள்.

கண்டி_சுருதிப்பெட்டி எழுதியது:

குச்சி விஷயம் எனக்குத் தெரியாது, ஏற்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. அவன் அவன்பாட்டில் அடித்தால் மற்ற 22 பேரும் எங்கே உள்ளே வருவது?

டிக்கோயா_குளிர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரண்டாவது ஒத்திகை முடிந்து இப்போதுதான் வத்தளைக்கு வந்து சேர்ந்தேன், தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறேன்.

மாஸ்டர் சொன்ன மூச்சு விடுகிற வேலையை மிஸ்ஸிடம் சொன்னேன். பத்து நிமிடம் மண்டபமெல்லாம் 'ஹா ஹா' என்று ஆவி பறந்தது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் மெலோடிக்காவோடு சுருதி. முழுக்கச் சேர்ந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பல் கூசவில்லை. ட்ரம்பெட் பகுதியில் மாஸ்டர் போட்டோவில் வட்டம் போட்டுக் காட்டிய ஏழு இடத்தில் ஐந்தில் மூச்சுக் குறி போட்டேன், இரண்டில் மேல் ஸ்வரத்தைப் பெல் லைராவுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்க மனமே இல்லை, அந்த மேல் ஸ்வரத்துக்காகத்தான் அந்தப் பக்கத்தையே எழுதினேன். கேட்டபோது பெல் லைராவில் நன்றாகத்தான் இருந்தது.

நான் உள்ளே உட்காரவில்லை. வராந்தாப் படியில் ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலம் போனதும் மழை பிடித்தது, தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேஸ் ட்ரம்மைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, மிஸ் எல்லாரையும் உட்கார வைத்துத் தாளைப் பார்த்துத் தொடையில் தாளம் தட்டவிட்டார்.

அந்த மழையில்தான் பையன் வராந்தாவுக்கு வந்தான். குச்சி பற்றிக் கேட்டேன். "யாருங்க சேர் சொன்னா?" என்று ஆச்சரியப்பட்டான். மாசிப்பனி சொன்னது அப்படியே சரி, அந்தச் சின்ன அடி மெல்லிய குச்சியின் அடிதான். மண்டபத்துக்குப் பின்னால் மூங்கில் சிம்பு ஒன்றை ஒடித்து வந்து, கம்பியைத் தளர்த்தி அடித்துக் காட்டினான். மற்ற ட்ரம் பிள்ளைகளும் வந்து சுற்றி நின்றார்கள். நான் ஸ்கோரில் அந்த 16 பாரையும் அழித்துவிட்டு வெறும் கோடாக விட்டேன். "எத்தனை தரம் அடிக்கிறதுங்க?" என்றான். எனக்கும் தெரியவில்லை.

கண்டிக்காரரின் கேள்வியையே மிஸ்ஸும் கேட்டார். கடைசியில் முடிவானது இது: அவன் முடிக்கப் போகும்போது பேஸ் ட்ரம் பையனைப் பார்ப்பான், பேஸ் ட்ரம் இரண்டு அடி ஓங்கி அடிப்பான், அதோடு எல்லாரும் உள்ளே வர வேண்டும். நாலு தரம் முயன்றதில் இரண்டு தரம் வந்தார்கள். ஒரு தரம் ட்ரம்போன் மட்டும் தனியாக வந்தது.

தப்பைப் பற்றித் தனியாகத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாகிட்ட கேக்கணும்ங்க" என்றான். அப்புறம் அவனே, "இந்த ஈரத்துல தோல் தொங்கிடுங்க சேர், வைக்கோல் போட்டுக் காய்ச்சணும்" என்றான். ஆக அப்பா சரி என்றால் அடுத்து அதிபரிடம், மண்டபத்துக்குப் பின்னால் நெருப்பு மூட்ட அனுமதி கேட்க வேண்டும். அதை மிஸ் பார்த்துக்கொள்கிறாராம்.

தாளைத் திருத்திய பத்தாம் தரப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். தனக்கு ஒன்றும் வேண்டாமாம், தங்கச்சி வாசிக்கிற மெலோடிக்காவின் குழாய் வெடித்திருக்கிறதாம், டேப் சுற்றி வைத்திருக்கிறார்களாம். கொழும்பில் அந்தக் குழாயை மட்டும் தனியாக எங்கே விற்கிறார்கள்? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த சனிக்கு முன்னால் வேண்டும்.